சுவரில் ஊரும் சாம்பல் கூட்டிலிருந்து அந்து வரும் வரை

2014 மே மாதம் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு லைசா ஸாம்பா நினைவிருக்கும். உள்ளங்கை அகலப் பழுப்பு இறக்கை, குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, பின்னால் வால். அந்த அந்துப்பூச்சிகள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் படிக்கட்டுகளிலும் விளக்குகளைச் சுற்றியும் வந்து உட்கார்ந்தன. பார்த்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். அதே புளோக்குகளில், அதே சுவர்களில், ஆண்டு முழுக்கக் குடியிருக்கும் இன்னொரு அந்து உண்டு. அதன் இறக்கைகளை முழுதாக விரித்து வைத்தாலும் ஒன்றரை சென்டிமீட்டர் தேறாது. அதை யாரும் படம் எடுப்பதில்லை. காரணம் எளிது: நாம் பார்ப்பது அந்துவை அல்ல, அதன் புழு சுமந்து திரியும் கூட்டை.

கூட்டைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். சாம்பல் நிறம், தட்டையான உடல், நடுவில் அகன்று இரு முனையிலும் குறுகும் வடிவம். பூசணி விதை சுவரில் ஒட்டியிருப்பதுபோல இருக்கும். குப்பை என்று நினைத்துத் தட்டப் போனால் மெல்ல நகரும். பலருக்கு அருவருப்பு வருவது அந்த நகர்வில்தான். எனக்கு அங்கேதான் ஆர்வம் பிறந்தது. உள்ளே இருப்பது என்ன, அது வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று யீஷூன் வீட்டிலேயே சிலவற்றை வளர்த்தேன். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடலாம். டினெயிடே என்னும் குடும்பத்தில் ஃபெரியீகா என்ற பேரினம். துணி அரிக்கும் அந்துகளும் இதே குடும்பம்தான். ஃபெரியீகாவில் வீடுகளோடு ஒட்டி வாழ்பவையாக அதிகம் எழுதப்பட்டவை இரண்டு இனங்கள்: அல்லுடெல்லா, உட்டெரெல்லா. இரண்டும் கூட்டிலும் இறக்கையிலும் அவ்வளவு ஒத்திருப்பதால், வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அதனால் என் டப்பாவின் மேல் ‘ஃபெரியீகா’ என்று மட்டும் எழுதினேன்.

சேகரிக்க எங்கும் போக வேண்டியதில்லை. செருப்பு அலமாரிக்குப் பின்னால், ஸ்டோர் ரூம் மூலையில், குளியலறைக் கதவின் நிலையில், சாமி மாடத்துக்கு மேலே என்று தேடிப் பார்த்தேன். சிலந்தி வலை பழசாகித் தூசி படிந்து தொங்கும் இடம் எதுவோ, அதற்குப் பக்கத்தில் கூடு இருந்தது. அது தற்செயல் அல்ல, பின்னால் சொல்கிறேன். எடுப்பதற்குக் காலாவதியான ஈசிலிங்க் பயண அட்டையும் ஒரு மெல்லிய ஓவியத் தூரிகையும் போதும். அட்டையைக் கீழே பிடித்துக்கொண்டு தூரிகையால் தள்ளினால் கூடு அட்டையில் விழும். விரலால் பிடித்து இழுக்காதீர்கள். புழு உள்ளிருந்தே சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும், கிழிந்துவிடும்.

எல்லாக் கூட்டிலும் உயிர் இருக்காது. ஒரு முனையைத் தூரிகையால் லேசாகத் தொட்டேன். உயிருள்ளது என்றால், கூட்டின் அடிப்பக்க உதடு உள்ளிருந்து மேலே இழுக்கப்பட்டு வாய் மூடிக்கொள்ளும். அப்படி மூடிய கூட்டை வெளியிலிருந்து பிரிப்பது மிகவும் கடினம். இரு முனைகளும் சுவரோடு இழையால் ஒட்டப்பட்டு அசையாமல் இருந்தால் அது கூட்டுப்புழு நிலை, அதாவது புழு அந்துவாக உருமாறும் நிலை. ஒரு முனையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்து எப்போதோ பறந்துவிட்டது என்று அர்த்தம். காலிக் கூடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஏன்டா, வீட்டுல இருக்கறத வெளிய தள்ளுவாங்களா, டப்பால போட்டு வளப்பாங்களா?” என்றார். “கொஞ்ச நாள்மா, மூடி போட்டுத்தான் வச்சிருக்கேன்” என்றேன். “சாமி மாடத்துப் பக்கம் மட்டும் வச்சிராத” என்பதோடு விட்டுவிட்டார்.

அந்தச் சாமி மாடம்தான் எனக்கு முதல் பாடத்தைத் தந்தது. அங்கிருந்து எடுத்த கூடுகள் மற்றவற்றைவிட வெளுத்திருந்தன. வேறு இனமோ என்றுகூடத் தோன்றியது. போனில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. கூட்டின் மேல்புறம் முழுக்க விபூதித் துகளும் ஊதுபத்திச் சாம்பலும். ஸ்டோர் ரூம் கூட்டில் கருப்பு மணல், துருத் துகள், எறும்புத் தலைகள், பூச்சிகளின் எச்சம். குளியலறைக் கதவின் நிலையில் இருந்ததில் வெள்ளைப் பெயின்ட் செதில். புழு தன் காலடியில் கிடைப்பதை எடுத்துத்தான் வீடு கட்டுகிறது. கூட்டின் நிறத்தை வைத்து இனம் சொல்ல முயல்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்ப வேண்டியது வடிவத்தைத்தான்: தட்டை, நடுவில் அகலம், இரு முனையும் ஒரே மாதிரி. முழு வளர்ச்சியில் நீளம் 8 முதல் 14 மில்லிமீட்டர், அகலம் 3 முதல் 5.

ஒரு காலிக் கூட்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே அவ்வளவு சொரசொரப்பு, உள்ளேயோ வெள்ளைப் பட்டு மட்டும், மணல் ஒரு பொட்டுக்கூட இல்லை. கட்டும் முறையும் அழகானது. இளம்புழு முதலில் தரையோடு ஒட்டிய ஒரு பட்டு வளைவைக் கட்டுகிறது. அதன் வெளிப்புறத்தில் துகள்களை ஒட்டி, வளைவைச் சுரங்கமாக நீட்டி, கடைசியில் அடிப்பக்கத்தையும் மூடித் தரையிலிருந்து விடுவித்துக்கொள்கிறது. தோலுரித்து வளரும்போதெல்லாம் கூட்டையும் பெரிதாக்குகிறது. நடுவில் அகலம் வைப்பது உள்ளேயே திரும்பிக்கொள்வதற்காக. அதனால் இந்தக் கூட்டுக்கு முன்வாசல், பின்வாசல் என்று கிடையாது. நான் ஒரு முனையை மறைத்தபோது சற்று நேரத்தில் மறுமுனையிலிருந்து தலை எட்டிப் பார்த்தது.

வளர்க்கும் ஏற்பாடு மலிவானதுதான். இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் பெரிய ஓட்டை போட்டு, பழைய நைலான் காலுறையை இழுத்து ஒட்டினேன். உள்ளே ஒரு பக்கம் செங்குத்தாக உப்புத்தாள் துண்டு ஒன்றை நிறுத்தினேன். இது முக்கியம். கூட்டுப்புழுவாகும் முன் புழு செங்குத்தான பரப்பில் ஏறி ஒட்டிக்கொள்ளும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அதற்குப் பிடிமானம் போதாது.

டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஈரம் இந்தப் புழுவுக்கு அவசியம்தான். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல், பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி. நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஏர்கான் ஓடும் அறையில் மட்டும் வைக்கக் கூடாது. நான் சமையலறைக்கு வெளியே துணி காயும் இடத்தில், வெயில் படாத தட்டில் வைத்தேன்.

அடுத்து சாப்பாடு. சிலந்தி வலைக்குப் பக்கத்தில் கூடு கிடைத்ததன் காரணம் இங்கே இருக்கிறது. இந்தப் புழுவுக்குப் பழைய சிலந்தி வலை நல்ல உணவு. பட்டு, முடி, கம்பளி, செத்த பூச்சியின் உடல் என எல்லாம் விலங்குப் பொருள்தான். பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிலையத்தின் ஆனெட் அயெல்லோ 1979இல் அல்லுடெல்லாவின் வாழ்க்கையை விரிவாக எழுதினார். அவர் தன் புழுக்களுக்குச் செத்த கொசுக்களையும் தன் தலைமுடியையும் கொடுத்து வளர்த்தவர். நானும் அதே வழியில் போனேன்: கொசு பேட்டில் விழுந்தவை, ஜன்னல் ஓரத்து எறும்புகள், சீப்பிலிருந்து எடுத்த முடி, மூலையில் சுருட்டி எடுத்த வலை. என் டப்பாக்களில் வலைதான் முதலில் காலியானது. பருத்தித் துணித் துண்டு ஒன்றையும் போட்டு வைத்தேன், கடைசி வரை அப்படியே கிடந்தது. பருத்திப் புடவை, வேட்டிகளுக்கு இவற்றால் பெரிய பயம் வேண்டாம். கம்பளிச் சால்வையையும் பட்டையும் நன்றாக மூடி வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மகள் தொடங்கி வைத்தது. தீபாவளிக்கு வாங்கிய கலர் கோலப்பொடி மிச்சம் இருந்தது. “அப்பா, இத போட்டா கலர் வீடு கட்டுமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இயற்கையியலாளர் ரேயோமூர், துணி அந்துவின் புழுக்களை ஒரு நிறக் கம்பளியிலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற்றி, கூடு எங்கெங்கே நீள்கிறது, எங்கே அகல்கிறது என்று கண்டுபிடித்தவர். அதையே நாம் கோலப்பொடியில் செய்யலாம் என்றேன். பாதி வளர்ந்த புழுக்களைத் தனியே எடுத்து, தரையில் மஞ்சள் பொடியைத் தூவி, வேறு எந்தத் தூளும் இல்லாமல் விட்டோம். சில நாட்களில் கூட்டின் இரு முனையிலும் மஞ்சள் விளிம்பு தெரிந்தது. பிறகு மஞ்சளைத் துடைத்துவிட்டு நீலம் போட்டோம். நீலம் மஞ்சளுக்கு வெளியே சேர்ந்தது. பழைய சாம்பல் பகுதி நடுவில் அப்படியே இருந்தது. ஆக, புழு பழையதைக் கலைப்பதில்லை, முனைகளில் சேர்த்துச் சேர்த்துத்தான் நீட்டுகிறது. மகள் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் முதலில் டப்பாவைத்தான் பார்த்தாள்.

புழுவை முழுதாகப் பார்ப்பது கடினம். தலையும் மூன்று ஜோடிக் கால்களும் மட்டும் வெளியே நீளும், மீதி உள்ளேதான். தலை கரும்பழுப்பு. அதை அடுத்த மூன்று உடல் கண்டங்களின் மேல் கருமையான, கெட்டியான தகடுகள். வெளியே நீட்ட வேண்டிய பகுதிக்கு மட்டும் கவசம்! கூட்டுக்குள் மறைந்தே இருக்கும் மிச்ச உடல் வெள்ளை வெளேரென்று மென்மையாக இருக்கும். முழு வளர்ச்சியில் புழு 7 மில்லிமீட்டர் போல. முட்டையிலிருந்து வந்து ஆறேழு பருவங்களைக் கடந்து முதிர ஏறக்குறைய 50 நாட்கள், கூட்டுப்புழுவாக 11 முதல் 23 நாட்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நான் பாதி வளர்ந்தவற்றைத்தான் எடுத்தேன், அதனால் காத்திருப்பு அவ்வளவு நீளவில்லை.

முதிர்ந்த புழு உப்புத்தாளில் ஏறி இரு முனைகளையும் இழையால் கட்டிக்கொண்டது. அதற்குப் பின் நடந்ததைப் பார்க்கத் தவறாதீர்கள். ஒரு முனையின் இரு ஓரங்களிலும் சிறிது தூரம் வெட்டி, அந்த வாயை இன்னும் தட்டையாக்கிவிடுகிறது. அந்துவுக்குக் கடிக்கும் வாய் கிடையாது, கூட்டை அறுத்துக்கொண்டு வர முடியாது. அதனால் வெளியே போகும் கதவைப் புழுவே முன்கூட்டிச் செய்து வைக்கிறது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து யாரும் எளிதில் நுழைய முடியாது. நேரம் வரும்போது கூட்டுப்புழு அந்த வாய் வழியே பாதி வெளியே வந்து நிற்கிறது, தோல் பிளக்கிறது, அந்து வெளிவருகிறது. என் டப்பாவில் இது நடந்தது நண்பகலை ஒட்டி. அயெல்லோ குறித்ததும் நண்பகல் வாக்கில்தான். அதனால் வார இறுதியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

சரி, அந்து எப்படி இருந்தது? சாம்பல்தான், ஆனால் வெறும் சாம்பல் இல்லை. முன்னிறக்கையில் கருமையான புள்ளிகள், பெண்ணில் நான்கு வரை எண்ணலாம். பின்னிறக்கையின் பின்விளிம்பில் வெளிர்சாம்பல் நிற நீண்ட செதில்கள் குஞ்சம்போல நீளுகின்றன. அமரும்போது இறக்கைகளைக் கூரையாகச் சாய்த்து உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதால், அந்தக் குஞ்சம் வால் நுனியில் மெல்லிய விளிம்பாகத் தெரிகிறது. உணர்கொம்புகள் இழைபோன்றவை, ஏறக்குறைய இறக்கை அளவு நீளம், ஓய்வில் முதுகின் மேல் பின்னோக்கிப் படிந்திருக்கும். தலையில் பரட்டையாக நிற்கும் மங்கிய மஞ்சள் செதில் கற்றை, பெரிய கண்கள், முகத்துக்கு முன்னால் சற்றே நீளும் வெளிர்நிற உணர்விழைகள். பெண்ணின் இறக்கை விரிவு 10 முதல் 13 மில்லிமீட்டர். ஆண் இன்னும் சிறியது, 7 முதல் 9தான். அது மெலிந்தது, புள்ளிகளும் தெளிவாகத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் வேறு வேறு இனம் என்றே நினைக்கத் தோன்றும்.

படம் எடுக்க ஒரு வழி. டப்பாவோடு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்தால் அந்து அசையாது. பின்னணிக்கு வெள்ளைத் தாள் வேண்டாம், சாம்பல் அட்டை வையுங்கள். வெள்ளையில் இறக்கையின் புள்ளிகள் கருகிப் போகின்றன. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் செதில்கள் எழுந்து தெரியும்.

அரிசி டப்பாவிலிருந்து வரும் அந்துவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடலை, மாவுகளில் வரும் ப்ளோடியாவின் முன்னிறக்கை வெளிப்பாதி செம்பு நிறம், உள்பாதி வெளிர். இதில் அப்படி இரண்டு நிறம் கிடையாது. துணி அந்து டினியோலா பளபளக்கும் வைக்கோல் மஞ்சள், புள்ளியே இல்லை, அதன் புழு கூட்டைச் சுமந்து திரிவதும் இல்லை. குழப்பம் அதிகம் வருவது டினியா பெல்லியோனெல்லாவோடு. அதுவும் கூடு சுமக்கும் புழுதான். ஆனால் அந்தக் கூடு உருளையான குழாய், தட்டையான விதை வடிவம் அல்ல. நம் ஊர்ச் சுவர்ப் படங்களுக்கு அந்தப் பெயரைப் போட்டிருப்பதை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன். கூட்டின் வடிவத்தை ஒரு முறை கவனித்தால் போதும், அந்தத் தவறு வராது.

இந்த அந்து எங்கெல்லாம் வாழ்கிறது என்று தேடியபோது எனக்கு உண்மையிலேயே வியப்பு. அல்லுடெல்லாவுக்கு 1892இல் பெயரிட்டவர் வியன்னாவின் ஹான்ஸ் ரெபெல். அவருக்குக் கிடைத்தது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லான்டிக்கில் இருக்கும் கனேரித் தீவுகளிலிருந்து. அதன் பிறகு பதிவான இடங்களைப் பாருங்கள்: சியரா லியோன், செஷல்ஸ், இந்தியா, இலங்கை, ஜாவா, சமோவா, ஹவாய், பனாமா. உட்டெரெல்லாவை 1897இல் விவரித்தவர் இங்கிலாந்தின் வால்சிங்கம் பிரபு, மேற்கிந்தியத் தீவுகளின் சிற்றந்துகளைத் தொகுத்தபோது. அது பிரேசில், கயானா, அமெரிக்காவில் ஃப்ளோரிடா, லூசியானா என்று பரவியிருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே சூடும் ஈரமும் உள்ள கடலோர இடங்கள், ஏறக்குறைய பாதி தீவுகள். 7 மில்லிமீட்டர் இறக்கையோடு பசிபிக்கைக் கடக்க முடியாது. ஆனால் ஒரு மரப்பெட்டியின் இடுக்கில், பாய்ச் சுருளின் மடிப்பில், தன் கூட்டோடு ஒட்டிக்கொண்டால் போதும். பெண் ஒரு வாரத்தில் 200 முட்டை வரை இடும். காடோ குறிப்பிட்ட ஒரு செடியோ இதற்குத் தேவையில்லை. மனிதர் வீடும், சிலந்தியும், ஈரக் காற்றும் இருந்தால் போதும். குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களில் இது நிலைப்பதில்லை. துறைமுக நகரமான சிங்கப்பூரில் நம் சுவரில் இது இருப்பதை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அழுக்கின் அடையாளமாக எனக்குத் தோன்றவில்லை. நம் முன்னோரைப் போல அதுவும் கப்பல்கள் வந்துபோன வெப்பக் கடலோரங்களில் குடியேறியது.

ஒரு கூட்டிலிருந்து மட்டும் அந்து வரவில்லை. சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கருங்குளவி வந்தது. பிரகோனிடே குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் குட்டிக் குளவிகள் புழுவின் உடலில் முட்டையிடும், அவற்றின் குஞ்சு புழுவைத் தின்று வளரும். அவ்வளவு கெட்டியான கூட்டுக்குள் இருக்கும் புழுவையும் எட்டிவிடுகிறதே! அதையும் படமெடுத்து ஜன்னல் வழியே விட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா டப்பாவைப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்க வீட்டுல நெறைய இருக்கு, மருந்து அடிக்கணுமா?” என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். கூட்டுக்குள் இருக்கும் புழுவின் மேல் மருந்து சரியாகப் படுவதில்லை. செய்ய வேண்டியது அதன் சாப்பாட்டை எடுப்பது: மேல்மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் பழைய வலைகளைத் துடைப்பது, ஜன்னல் தடத்தில் கிடக்கும் எறும்பையும் முடியையும் வேக்கூம் பண்ணுவது, ஸ்டோர் ரூம் கதவை அவ்வப்போது திறந்து காற்றோட்டம் விடுவது. கண்ணில் படும் கூட்டை அட்டையால் எடுத்துவிடலாம், கடிக்காது. அக்கா வீட்டில் வலையை எடுத்த பிறகு குறைந்துவிட்டது என்று பின்னால் லிஃப்டில் பார்த்தபோது சொன்னார்.

வளர்ந்தவற்றில் ஓர் ஆண், ஒரு பெண், மஞ்சளும் நீலமும் கட்டிய கூடு ஒன்று, இவற்றை உறைபெட்டியில் வைத்துப் பதப்படுத்தி, சிறு பெட்டியில் எடுத்த இடமும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். இனத்தை உறுதி செய்ய விரும்பும் ஆய்வாளர் யாருக்கேனும் உடல் தேவைப்படும், படம் போதாது. டிசம்பரில் அம்மா தஞ்சாவூர் போகிறார். பழைய வீட்டின் திண்ணைச் சுவரில் இதே கூடுகள் இருப்பதாக அவரே சொன்னார். ஒரு காலியான ஈசிலிங்க் அட்டையும் மூடியுள்ள மருந்துப் புட்டியும் அவர் பையில் இப்போதே போட்டு வைத்தாயிற்று. தோல் நீட்டிக்கொண்டிருக்கும் காலிக் கூடுகளை மட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், உயிருள்ளதை எல்லை தாண்டிக் கொண்டு வரக் கூடாது. “அது எனக்குத் தெரியாதாடா” என்றார்.